குரல் மட்டும் போதுமாம்

அக்டோபர் 5, ஞாயிறு

மைக்கில் நான் உட்காருகிறேன் என்று இன்றும் சொல்லவில்லை.

சமயநல்லூரில் ஜெயபாண்டி அண்ணன் வீட்டு மாடிதான் எங்கள் ஹாம் ரேடியோ கிளப்; பொழுதுபோக்காக வானலையில் வெளிநாடுவரை பேசுகிறவர்கள் நாங்கள். மாதக் கடைசியில் உலக அளவிலான குரல் போட்டி. இரண்டு நாளில் எத்தனை நாட்டு நிலையங்களோடு பேசுகிறோம் என்பதுதான் ஆட்டம். யார் எப்போது பேசுவது என்று முறை பிரித்தார்கள். வாய்வரை வந்தது. டீ போடட்டுமா என்று கேட்டேன்.

லைசென்ஸ் வாங்கி மூன்று வருடம்.

அக்டோபர் 8

பதிப்பகத்தில் எட்டாம் வகுப்புக் கைடு, மெய்ப்பு. கண் எரிகிறது.

அக்டோபர் 12, ஞாயிறு

எனக்கும் ஒரு வேலை கொடுத்துவிட்டார்கள்.

போட்டியில் ஓயாமல் அழைக்க வேண்டும், தொண்டை போய்விடும். அதனால் அழைப்பைப் பதிந்து வைத்துக்கொண்டு பொத்தானை அழுத்துவார்கள். அந்தப் பதிவுக்கு என் குரல். பதில் வந்ததும் பேசப்போவது அவர்கள்.

"பொம்பளக் குரல்னா எம்புட்டுத் தூரத்துல இருந்தும் திருப்பிக் கூப்புடுவாங்ய, வாணி. குரல் மட்டும் குடு, போதும். மத்தத நாங்க பாத்துக்கிறோம்" என்றார் அண்ணன். பாராட்டாகத்தான் சொன்னார். அதுதான் அலுப்பாக இருக்கிறது.

நாலு தடவை பதிந்தோம். இன்னும் கொஞ்சம் சிரித்த மாதிரி வேண்டுமாம். சிரித்தேன்.

சீ. ஏன்டி சிரிச்ச?

அக்டோபர் 19

என்னிடமும் ஒரு பழைய சின்ன ரேடியோ இருக்கிறது, ஏரியல்தான் இல்லை. கிளப்பில் கம்பம் ஏறும் வெள்ளைத்துரை அண்ணனிடம் கேட்டேன். வந்து, தண்ணீர்த் தொட்டியிலிருந்து மாடிப்படி அறைவரை கம்பி இழுத்துக் கட்டினார். துணிக்கொடி போயிற்று. "இனி எஞ்சேலைய எங்கிட்டுக் காயப்போட? அமெரிக்காக்காரன் தலையிலயா?" என்றாள் அம்மா.

போட்டியன்று கிளப்புக்கு வரவில்லை என்று குறுஞ்செய்தி அனுப்பினேன். காரணம் எழுதவில்லை. அண்ணன் கட்டைவிரல் படம் அனுப்பினார்.

அக்டோபர் 25, சனி

விடியலிலிருந்து தூறலும் போட்டியும். என் சின்ன ரேடியோவை யாரும் லேசில் திரும்பிப் பார்க்கவில்லை. மதியத்துக்குள் ஐந்தாறு நிலையங்கள் கிடைத்திருந்தால் அதிகம். தோளெல்லாம் வலி. போதும் என்று டயலைத் திருப்பிக்கொண்டிருந்தபோது, நானே அழைப்பது கேட்டது. கிளப்பின் கால்சைன், லைசென்ஸோடு கொடுக்கும் அழைப்புப் பெயர். சிரித்த குரல்.

கேட்டுக்கொண்டே இருந்தேன். நின்றது. மறுபடி அழைத்தேன் — அதாவது, அது அழைத்தது. அணைத்துவிட்டுப் படுத்தால் என்ன?

என் கால்சைனைச் சொன்னேன்.

மறுபடி சொன்னேன். பிறகு ஜெயபாண்டி அண்ணன், மெதுவாக, "ஃபைவ் நைன், டுவென்டி டூ" என்றார். ஒலி தெளிவு, நம் மண்டல எண். போட்டியில் எல்லோருக்கும் சொல்லும் எண்கள்தான். நானும் அதையே சொன்னேன். வேறு பேச்சுக்கு அங்கே இடமில்லை.

அதன் பிறகு பதிவு ஒலிக்கவில்லை. அவரே கத்திக்கொண்டிருந்தார்.

அக்டோபர் 26, ஞாயிறு

காலையில் வாசலில் வெள்ளைத்துரை அண்ணன், வண்டியை அணைக்காமல்.

"அண்ணனுக்குத் தொண்ட கட்டிருச்சு. ஒன்னைய மைக்குல உக்காரச் சொல்றாரு. ஏறு."

மூன்று வருடமாகக் காத்திருந்த சொல். ஏறவேண்டும் என்றுதான் கால் சொன்னது.

"என் கால்சைன்ல ஓடிக்கிட்டிருக்குண்ணே. வரலன்னு சொல்லிருங்க."

அவர் வண்டியை அணைத்தார். கம்பி மழைக்குத் தொய்ந்திருக்கிறதா, பார்த்துவிட்டுப் போகிறேன் என்று மாடிக்கு ஏறினார்.

மாலைவரை அழைத்தேன். ஒன்பது பேர் பதில் சொன்னார்கள்.