இடப்பக்கம் இழுக்கும் நூல்

அண்ணி,

இன்றும் உங்கள் அறையில் சொல்யூஷன் வாசனை. தோலோடு தோலை ஒட்டுகிற அந்தப் பசையின் வாசனை, மூக்கில் ஏறி நெற்றிக்குள் போய் உட்காருமே, அதேதான். கதவு சாத்தியிருந்தது. ஜன்னலும் சாத்தியிருந்தது. உங்கள் அலமாரியில் இருக்கும் டப்பாவைத் திறந்து பார்த்தேன். பசை காய்ந்து கல்லாகிக் கிடக்கிறது, அதில் வாசனையே இல்லை. ஆனால் அறையில் இருக்கிறது.

நான் ஆஸ்பத்திரி லேபில் ரத்தத்தோடும் சிறுநீரோடும் குடித்தனம் நடத்துகிறவள். பேய் பிசாசு என்று யாராவது சொன்னால், முதலில் ஹீமோகுளோபின் பார்த்துக்கொள் என்பேன். நீங்கள் உயிரோடு இருந்தபோதே உங்களுக்குப் பயப்படாதவள், இப்போதா பயப்படுவேன்? இருந்தாலும் டப்பாவை வைத்துவிட்டு வெளியே வரும்போது, “வர்றேன் அண்ணி” என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது. சொல்லாமல் வந்தால் திட்டுவீர்கள் என்கிற பழக்கம்தான்.

நீங்கள் போன பிறகு உங்கள் காற்றாடி செய்த அட்டகாசத்தை உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது? வெளியே சொன்னால் எனக்கே ஹீமோகுளோபின் பார்த்துவிடுவார்கள்.

என் வீட்டுக்காரரின் அக்கா நீங்கள். கல்யாணமாகி நான் ஆம்பூருக்கு வந்தபோது, நாத்தனார் அதே வீட்டில்தான் இருக்கிறாள் என்று என் சொந்தக்காரர்கள் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்கள். நீங்களோ ஷூ கம்பெனியில் கடைசி செக்கிங் மேசையிலிருந்து வந்ததும், முகம் கழுவிக்கொண்டு, முழங்கால் மடக்கினால் இரண்டு ஆள் படுக்கிற அளவுக்கு ஒரு சிவப்புத் துணியை விரித்து அதில் குச்சி சொருகிக்கொண்டிருந்தீர்கள். இரட்டை நூல் காற்றாடி. கம்பெனியில் மெஷின் மாட்ட வந்த ஒரு வெளிநாட்டுக்காரர் ஞாயிற்றுக்கிழமைகளில் பாலாற்று மணலில் அதை விட்டுக்கொண்டிருந்தாராம். ஊரே வேடிக்கை பார்த்ததாம். நீங்கள் மட்டும் போய்க் கையை நீட்டிக் கேட்டீர்களாம். ஊருக்குத் திரும்பும்போது உங்கள் கையிலேயே கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

சின்ன வயதில் விடுகிற காற்றாடி போல அது ஒரு மூலையில் மிதந்துகொண்டு நிற்காது. இரண்டு கையிலும் தோல் பட்டை, பட்டைக்கு ஒரு நூல். இடது கையை இழுத்தால் இடப்பக்கம் திரும்பும், வலது கையை இழுத்தால் வலப்பக்கம். வானத்தைக் கிழித்துக்கொண்டு தரையைப் பார்த்துப் பாயும், ஒரு முழம் இருக்கும்போது நீங்கள் மணிக்கட்டைத் திருப்புவீர்கள், மணலைத் தடவிக்கொண்டு போகும். நான் முதல்முறை பிடித்தபோது நேராகக் கொண்டுபோய் மணலில் குத்தினேன். குறுக்குக் குச்சி உடைந்தது. மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்பார்கள். நம் வீட்டில் மாமியார் இல்லாத குறையை நீங்கள் அன்றைக்கு நன்றாகவே தீர்த்து வைத்தீர்கள்.

அந்தக் குச்சிக்காகத்தான் நமக்குள் முதல் சண்டை. கூடாரம் கட்டுகிற பைபர் கம்பி கடையில் கிடைக்கிறது, அறுத்துச் சொருகினால் போதும் என்றேன் நான். பெங்களூரில் ஒருவர் வெளிநாட்டிலிருந்து கார்பன் குச்சி வரவழைத்துத் தருகிறார், அதுதான் வேண்டும் என்றீர்கள். அதுவும் உடைந்த பக்கத்துக்கு மட்டும் இல்லை, இரண்டு பக்கத்துக்கும். “நல்லா இருக்கிறத ஏன் அண்ணி மாத்தணும்?” என்று கேட்டேன். “ஒரு கால் புதுசு, ஒரு கால் பழசு போட்டுக்கினு எவளாவது நடப்பாளாடி?” என்றீர்கள். கம்பெனியில் ஒரு ஷூவில் தையல் பிசகினால் ஜோடியையே ஒதுக்கிவிடுகிற கை உங்களுடையது. காதுக் கம்மலில் ஒன்று தொலைந்தால் மற்றதையும் கழற்றி வைக்கிற ஆள் நீங்கள்.

என் பிடிவாதத்துக்காக ஒருநாள் பைபர் கம்பியையும் போட்டுப் பார்த்தீர்கள். கம்பி காற்றில் வில்லாக வளைந்தது, காற்றாடி நிறைமாதக்காரி போல அசைந்து அசைந்து ஏறியது. நீங்கள் இறக்கி என் கையில் கொடுத்தீர்கள். அதுவே ஓர் அறைதான். ஆனால் எல்லாவற்றுக்கும் விலை உயர்ந்த சாமான்தான் என்கிற ஆளும் இல்லை நீங்கள். காற்றாடியின் மூக்குப் பக்கம் தேய்ந்தால் கழிவுத் தோலில் ஒட்டுப் போடுவீர்கள், ரப்பர் மூட்டுக்கு மீன்தொட்டிக் கடைக் குழாயை வெட்டுவீர்கள். “எதுல கம்மி பண்ணலாம், எதுல கூடாதுன்னு தெரிஞ்சிக்கோ. அறுந்தா காத்தாடிக்குத்தான் நஷ்டம்னா கம்மி பண்ணு. ஆளுக்கு ஆபத்துன்னா பண்ணாத.” அதை நான் தலையாட்டிக் கேட்டுக்கொண்டேன். கேட்டது வேறு, உறைத்தது வேறு.

அப்புறம் அந்தக் காலை. உங்கள் தம்பி கம்பெனி பஸ் ஓட்டுகிறவர், தினமும் உங்களை ஏற்றிப் போகிறவர், அன்றும் ஏற்றிப் போனார். இறங்கும்போது, “சாய்ந்தரம் காத்து இருக்கும்டா” என்றீர்களாம். மதியத்துக்கு முன்னால் மேசையிலேயே சாய்ந்துவிட்டீர்கள். நான் வேலை பார்க்கிற ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டுவந்தார்கள், எனக்கு ஒரு சொட்டு ரத்தம் எடுக்கக்கூட வேலை வைக்கவில்லை நீங்கள். உங்கள் கையில் ஓர் இடது கால் ஷூ இருந்ததாம். அதன் ஜோடி இன்னும் மேசைக்கு வரவில்லையாம். பிடியை விடுவிக்க இரண்டு பேர் வேண்டியிருந்தது என்று உங்கள் பக்கத்து மேசைப் பெண் அழுதுகொண்டே சொன்னாள்.

உங்கள் தம்பி அழவில்லை. ஆற்றோரக் கல்லறைத் தோட்டத்தில் உங்களை வைத்துவிட்டு வந்து, கையைக் கழுவிக்கொண்டு, பஸ் சாவியைத் தேடினார். பஸ்ஸில் உங்கள் சீட்டில் யாரையும் உட்கார விடவில்லை. ஆட்கள் நின்றுகொண்டு வந்தார்கள், அந்த சீட் காலியாக வந்தது. வீட்டில் சோறு போட்டால் தின்றார், போடாவிட்டால் கேட்கவில்லை. கல்லாகிப்போன அவரைப் பெயர்த்து எடுக்கத்தான், ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்து, காற்றாடியை எடுங்கள் ஆற்றுக்குப் போகலாம் என்றேன்.

வலது நூல் ஏற்கெனவே கல்லில் உரசிப் பாதி அறுந்திருந்தது. இழுத்துப் பார்த்தேன், போய்விட்டது. இடது நூல் நன்றாக இருந்தது. அதில் நீங்கள் போட்ட முடிச்சு இருந்தது, பட்டையில் உங்கள் கை வியர்வை கறுத்துப் படிந்திருந்தது. அதை எப்படி மாற்ற மனசு வரும்? காவேரிப்பாக்கம் ஏரிப் பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தபோது வாங்கிய மீன்பிடி நைலான் வீட்டில் கிடந்தது. வலப்பக்கத்துக்கு மட்டும் அதை அளந்து கட்டினேன். கட்டும்போது உங்கள் குரல் காதில் கேட்டது. கேட்காத மாதிரி முடிச்சை இறுக்கினேன்.

காற்றாடி ஏறியது. ஏறியதும் என் வலது கை செத்துப் போனது. இழுத்தேன், ஒன்றும் நடக்கவில்லை, ரப்பரைப் பிடித்த மாதிரி இருந்தது. இடது கை மட்டும் உயிரோடு துடித்தது. காற்றாடி இடப்பக்கம் திரும்பியது. நேராக்கினேன், மறுபடி இடப்பக்கம். அதுவாகவா திரும்பியது என்றால் இல்லை, யாரோ மறுமுனையிலிருந்து என் இடது கையை, அவசரமே இல்லாமல், வா வா என்று இழுத்த மாதிரி இருந்தது. ஆற்றில் நாம் வழக்கமாக நிற்கிற இடத்துக்கு இடப்பக்கம் என்ன இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியும். கல்லறைத் தோட்டத்துச் சுவர்.

அவர் என் இடது கையிலிருந்து பட்டையை வாங்கினார். வாங்கியதும் அவர் முகம் மாறியதைப் பார்த்தேன். “அக்காதான்” என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

நைலான் இழுபடும் அண்ணி. உங்கள் பழைய நூல் இழுபடாது. ஒரு பக்கம் நீண்டால் மறுபக்கம் இழுக்கத்தான் செய்யும். இது எனக்கு அன்றைக்கே தெரியும். ஆனால் வாரம் முழுக்கக் கல்லாக இருந்த மனிதர் முதல்முறையாக ஒரு வார்த்தை பேசியிருக்கிறார், அதைப் போய் நூல் கணக்கு சொல்லிக் கெடுப்பேனா? அடுத்த ஞாயிறும் போனோம். அதற்கடுத்த ஞாயிறும். இரண்டு பட்டையும் ஒரே ஆள் பிடிக்க வேண்டிய காற்றாடியை நாங்கள் ஆளுக்கொன்றாகப் பிடித்தோம். இடது அவருக்கு, வலது எனக்கு. அவர் மேலே பார்த்துக்கொண்டே உங்களிடம் பேசுவார். பஸ்ஸில் யார் வந்தார்கள், யார் வரவில்லை, பிரேக் எப்படிச் சத்தம் போடுகிறது, எல்லாம். நடுநடுவே நிறுத்திக் கேட்பார், அப்புறம் சிரிப்பார். நீங்கள் என்ன சொன்னீர்கள் என்று எனக்குக் கேட்கவில்லை.

பிறகு அவர் ஞாயிறுக்குக் காத்திருக்கவில்லை. வேலைக்கு லீவு போட ஆரம்பித்தார். தட்டில் கை வைத்தபடி, “கூப்புடுறாங்க” என்பார். “யாரு?” என்று நான் கேட்க மாட்டேன். ஒருநாள் சொல்லிப் பார்த்தேன், நூலை மாற்றிவிடலாம் என்று. “மாத்தாத. மாத்தினா போய்டுவாங்க” என்றார். அந்தக் குரல் என் வீட்டுக்காரர் குரல் இல்லை.

அன்றைக்குக் காற்று ஜாஸ்தி. காற்றாடி இடப்பக்கம் சாய்ந்து இழுக்க, அவர் அதன் பின்னாலேயே நடக்க ஆரம்பித்தார். கண் வானத்தில். அந்தப் பக்கம் மணல் அள்ளிய பெரிய பள்ளம் இருக்கிறது, தோல் பதனிடுகிற ஷாப்புகளின் கழிவுத் தண்ணீர் தேங்கிக் கறுப்பாக நிற்கும், ஆழம் யாருக்கும் தெரியாது. “நில்லுங்க!” என்று கத்தினேன். அவர், “வர்றேன், வர்றேன்” என்றார். எனக்குச் சொன்ன பதில் இல்லை அது. பட்டையைப் போட்டுவிட்டு ஓடலாம் என்றால் கை வரவில்லை. முழு பலத்தோடு வலது நூலைப் பின்னால் இழுத்தேன். நைலான் நீண்டது, நீண்டுகொண்டே போனது, பிறகு அறுந்தது. காற்றாடி சுழன்று கறுப்புத் தண்ணீரில் தலைகுப்புற விழுந்தது. அவர் பள்ளத்தின் விளிம்பில், செருப்பின் முன்பாதி வெளியே நீட்டிக்கொண்டிருக்க, நின்றார். காலடி மண் பொலபொலவென்று உள்ளே சரிந்தது. போய்ப் பின்னாலிருந்து சட்டையைப் பிடித்தேன். அந்த மலிவு நூல் செய்த ஒரே உபகாரம் அறுந்ததுதான். அவரைப் பள்ளம்வரை கூட்டிவந்ததும் அதுதான்.

வீட்டுக்கு வந்து அவர் முன்னால் உட்கார்ந்தேன். அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தது. “பஸ்ஸு லெஃப்ட்ல இழுத்தா இன்னா பண்ணுவீங்க? ஆவி இழுக்குதுன்னு அப்டியே ஓட்டுவீங்களா? அம்பது பொம்பளைங்கள ஏத்திக்கினு?” என்று கேட்டேன். “ரிப்பேருக்கு ஷெட்டுல வுடுவேன்” என்றார் அவர். பிறகு, என்னைப் பார்க்காமல், “ஜோடியா மாத்து” என்றார். உங்கள் வார்த்தை, உங்கள் தம்பி வாயில்.

ஆனையை வாங்கினவள் அங்குசத்துக்கு அழக்கூடாது என்று பெங்களூர்க்காரரிடமே சொல்லி, அன்று இடது நூலைப் பிடித்துத் தண்ணீரிலிருந்து இழுத்தெடுத்த காற்றாடிக்கு நூல் ஒரு ஜோடி, குச்சி ஒரு ஜோடி வரவழைத்தேன். நீங்கள் செய்கிற மாதிரியே சர்ச் வேப்பமரத்தில் இரண்டு நூலையும் ஒன்றாகக் கட்டி, ஒன்றாக இழுத்து, ஒரே அளவில் முடிச்சுப் போட்டோம். உங்கள் இடது நூலை அவரே அவிழ்த்தார். அதைச் சுருட்டிக் கல்லறைக்குக் கொண்டுபோய், உங்கள் தலைமாட்டு மண்ணைக் கிளறி உள்ளே வைத்து மூடினார்.

போன ஞாயிறு மணலில் இரண்டு பட்டையையும் அவர் கையிலேயே கொடுத்தேன். காற்றாடி நேராக ஏறியது. வானத்தின் நடுவில், துளி சாயாமல், அவர் சொன்ன பேச்சைக் கேட்டுக்கொண்டு நின்றது. அவர் இடது கையைப் பார்த்தார். இன்னும் கொஞ்சம் காத்திருந்தார். பிறகு, “போய்ட்டாங்க” என்றார். அப்போதுதான் அழுதார் அண்ணி, நூலை விடாமல், தோள் குலுங்க, வாய்விட்டு. காற்றாடியும் மேலே அவரோடு குலுங்கியது. நான் பக்கத்தில் போகவில்லை, அழட்டும் என்று கொஞ்சம் தள்ளி நின்றேன்.

தள்ளி நின்றபோதுதான் என் இடது கை இழுபட்டது. அவசரமே இல்லாமல், வா வா என்று. குனிந்து பார்த்தேன். கையில் பட்டை இல்லை, நூல் இல்லை. இழுபடுகிற நைலான் என்று சொல்லிச் சமாளிக்க ஒன்றுமே இல்லை. விரல்கள் தாமாக மடங்கி எதையோ பற்றிக்கொண்டன. இன்று காலை மைக்ராஸ்கோப்பில் குனிந்திருக்கும்போதும் வந்தது. இதை எழுதும்போதும் இருக்கிறது.

அவரிடம் நான் சொல்லவில்லை. நேற்று பஸ்ஸில் உங்கள் சீட்டில் ஒரு புதுப் பெண்ணை உட்காரச் சொன்னாராம், அவரே வந்து சொன்னார், இரண்டு தட்டு சோறு தின்றார். என்னை எவ்வளவு வேண்டுமானாலும் இழுங்கள் அண்ணி, எனக்குக் கால் எங்கே வைப்பது என்று தெரியும். அவர் கையை மட்டும் விட்டுவிடுங்கள்.