கோட்டுக்குப் பின்னால் ரா.

13 பிப்ரவரி 2006, திங்கள்

பனி. காலை, நான் வேலை பார்க்கும் பீங்கான் ஆலைக்குப் பின்புறத் திடல். பீங்கான் அடுக்க வரும் வைக்கோலை இறுக்கிக் கட்டிய இலக்கு, இன்னும் கெட்டி. அம்புகள்தான் எல்லாம் கீழே. வில்லின் குறிமுள்ளை ஒரு கோடு இறக்கினேன்; முள் இறங்கினால் அம்பு ஏறும். மாலையில் மறுபடி கீழே. மறுபடி இறக்கினேன். நாண் புதிது. காற்றும் இல்லை.

ஞாயிறு கடலூரில் தேர்வு. மாநில அணியில் ஒரே இடம். ஐம்பது வயதில் இனி இன்னொன்று வராது. வருகிறவர்களில் என் அளவுக்கு வில்லைத் தெரிந்தவர் யாரும் இல்லை. எழுதக் கூச்சமில்லை.

செவ்வாய்

வெயில். டீக்கடையில் சலீம் பாய் (ஹார்டுவேர் கடை; என் பக்கத்து இலக்கில் எய்பவர்):

“ராமநாதன் சார் கருவேப்பிலங்குறிச்சி வந்திருக்காரு, மாமனார் வூட்டுக்கு. ஒரு வாட்டி பாக்கச் சொல்லட்டுங்களா?”

“அவன் பாத்துக் கிழிச்சது போதும் பாய்.”

இனி ரா. முழுப் பெயருக்கு மை வீண். கல்லூரி முடித்த வருடம் அணியில் என் இடத்தில் போனவன். புள்ளி எனக்குத்தான் அதிகம்; பயிற்சியாளர் அவனுக்குத் தாய்மாமன். அன்றிலிருந்து எனக்குப் பயிற்சியாளர் என்றால் விசில் கட்டிய சொந்தக்காரன். இத்தனை வருடமும் எனக்கு நானே ஆசிரியன். மாவட்டத்தில் முதலிடம், பல முறை.

மதியம் சாப்பாட்டில் மனைவி கமலா: “ஆலையில ரெண்டாவது ஆளு பாக்காம கலவைய சூளைக்கு வுட மாட்டீங்க. வில்லுக்கு மட்டும் ஆளு ஆவாதா?”

ரசம் நன்று.

புதன்

இரண்டு அம்பு தரையில். பாயிடம், “வரச் சொல்லுங்க.” சிரிப்பைத் தாடிக்குள் வைத்துக்கொண்டார்.

வியாழன்

ரா. வந்தான். தொப்பை. நான் எய்யும் கோட்டுக்குப் பின்னால் கைகட்டி நின்றான். ஆறு அம்பு எய்தேன். பிறகு:

“அம்பு போறத ஏன்யா எட்டிப் பாக்குற? போயிட்டு வரேன்னு கையாட்டவா போவுது?”

விட்ட கணமே தலையைத் தூக்குகிறேனாம். கூடவே வில் பிடித்த இடக்கை தாழ்கிறதாம், அம்பு வில்லைத் தாண்டும் முன்பே.

“நான் பாக்கல.”

“சரி, பாக்கல. வைக்கோல்ல குத்துற சத்தம் கேக்குற வரைக்கும் அசையாத.”

அசையவில்லை. அம்பு இலக்குக்கு மேலே பறந்து வேலிக்குப் போனது. பாய் கைதட்டிச் சிரித்தார்.

“முள்ள எறக்கி வச்சிருக்கியா? பழைய எடத்துக்கு ஏத்துய்யா.”

ஏற்றினேன். அடுத்த ஆறும் மஞ்சள் நடுவட்டத்தில், ஓர் உள்ளங்கைக்குள். என் கையில் குறையே இல்லை. பார்க்க ஓர் ஆள் இல்லாததுதான் குறை.

வண்டியை உதைக்கும்போது சொன்னான்: அதே இடத்துக்கு அவன் பயிற்றும் ஆளும் வருகிறானாம்.

“தெரிஞ்சுமா வந்த?”

“கூப்ட்ட. வந்தேன்.”

கோபம் தாங்கவில்லை. மாமனைப் போலவே இருந்து தொலைத்திருந்தால் வெறுக்க வசதி.

ஞாயிறு

கடலூர். கடல்காற்று. ரா. தன் ஆளுக்குப் பின்னால், முறைப்படி. என் பக்கம் திரும்பவே இல்லை. சத்தம் கேட்கும்வரை அசையாமல் ஒவ்வொன்றும் எய்தேன்.

இடம் எனக்கு.

தன் ஆளைத் தட்டிக்கொடுத்துவிட்டு வந்தான். வாழ்த்தெல்லாம் இல்லை. “கடைசி ரவுண்டுல வலது முழங்கை எறங்குது.”

“செவ்வாக்கெழம வர முடியுமா?”

“ஆறு மணின்னா வரேன்.”

அவன் மாமனை மன்னிப்பதாக இல்லை. ஐந்தரைக்கே போய்விடுவேன்.