பிட்டில் நின்றவனின் பயம்

மச்சான்,

நேற்று அஸர் தொழுகைக்குப் பிறகு நிந்தவூர் பெற்றோல் செட்டில் வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் நின்ற மீன் வியாபாரியின் மோட்டார் சைக்கிளில் தாங்கி நிரம்பி வழிந்து, சூடான எஞ்சின் மேல் பெற்றோல் விழுந்து, புஸ்ஸென்று ஆவி எழும்பியது. அவ்வளவுதான். வியாபாரி பழந்துணியால் துடைத்துவிட்டுப் போய்விட்டார். நான்தான் என் மோட்டார் சைக்கிளை அப்படியே போட்டுவிட்டு வீதியின் மறுகரைக்கு ஓடிவிட்டேன். அக்கரைப்பற்று பஸ் ஹோர்ன் அடித்துக்கொண்டு என்னை உரசிப் போனது. "என்ன சேர், பெற்றோல் அடிக்கல்லையா?" என்று செட்டில் நின்றவர் கூப்பிட்டார். நீ மவுத்தான பிறகு அந்தப் பெற்றோல் மணம் இன்னும் மோசமாகிவிட்டது.

இந்தக் கரையில் உன்னைப் பயம் தெரியாதவன் என்றுதான் நினைவில் வைத்திருக்கிறார்கள். உன் ஜனாஸாவை அடக்க மையவாடியில் கூடியிருந்தவர்களில் ஒருவர், "நெருப்புக்குள்ள நிண்டு கதைச்ச ஆள்" என்றார். சுற்றி நின்றவர்கள் தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன். உன் பயத்தைப் பற்றித் தெரிந்தவன் அங்கே நான் ஒருவன் மட்டும்தான் என்று அப்போது நினைத்துக்கொண்டேன்.

கல்முனைக் கடற்கரையில் உதைபந்தாட்டம் என்றால் மைக் உன் கையில்தான் இருக்கும். சைக்கிளோட்டப் போட்டியில் லொறியின் பின்பலகையைப் பிடித்துக்கொண்டு, மருதமுனையிலிருந்து நிந்தவூர் வரை மூச்சு வாங்காமல் கதைத்துக்கொண்டு வருவாய். அந்த வாய்தான் உன்னைக் கொழும்பில் நான் வேலை பார்த்த தொலைக்காட்சிக்குக் கொண்டுவந்தது. அங்கே உன்னை ஒரு கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து விளையாட்டுச் செய்தி வாசிக்கச் சொன்னார்கள். வாசித்தாய். யாரும் கவனிக்கவில்லை.

பிறகு கார்ப் பந்தயங்களை நேரடியாகக் காட்டத் தொடங்கினார்கள். பந்தயத்தின் நடுவே கார்கள் வந்து நின்று டயர் மாற்றி, பெற்றோல் அடித்துக்கொண்டு போகும் இடத்துக்குப் பெயர் பிட். அதற்குள் மைக்கோடு நின்று தமிழில் சொல்ல ஒரு ஆள் வேண்டும் என்றார்கள். ஒருவரும் வரவில்லை. நீ கையைத் தூக்கினாய்.

தடத்துக்குப் பின்னால் நிற்கும் ஒளிபரப்பு வேனுக்குள் திரைகளுக்கு முன்னால் எனக்கு வேலை. உன் காதில் செருகியிருக்கும் சின்னக் கருவி வழியே என் குரல் உனக்குக் கேட்கும். இன்னும் பத்து செக்கனில் உன்னிடம் வருகிறோம், சிவப்புக் கார்க்காரனைப் பிடி, முடி, முடி என்று சொல்லிக்கொண்டிருப்பேன். ஒளிபரப்பில் நீ இல்லாத நேரங்களில் உன் மைக் எனக்கு மட்டும் கேட்கும்.

முதல் பந்தயத்திலேயே அது நடந்தது. ஓடிவந்த கார் ஒன்றின் சக்கரம் கழன்று, சுவரைத் தாண்டித் துள்ளி, உன் தோளுக்குப் பக்கத்தால் பறந்துபோய் கருவிப் பெட்டிகளைச் சிதறடித்தது. நான் திரையில் பார்த்துக்கொண்டிருந்தேன். நீயோ சிரித்த முகத்தோடு, "ஒரு சக்கரம் எங்களைப் பார்க்க வந்து போயிருக்கிறது" என்று சொல்லி முடித்தாய். படம் வேறு பக்கம் திரும்பியதும் டயர் அடுக்குக்குப் பின்னால் குனிந்து வாந்தி எடுத்தாய். அதுவும் எனக்குக் கேட்டது.

"மச்சான், எனக்கு ஏலாது. காலெல்லாம் தண்ணியாப் போச்சு."

"அப்ப விட்டுட்டு வா. வேற ஆளப் போடுவம்."

"வேணாம். நீ சும்மா கதைச்சிட்டே இரி."

"என்னத்தக் கதைக்க?"

"என்னத்தயாவது. ஊர்க் கதை."

ஒலுவில் துறைமுகத்தில் சூரை மீன் குவிந்து கிடக்கிறதாம் என்றேன். எங்கள் தெருவில் யாருக்குக் கல்யாணம், யாருடைய ஆடு யாருடைய பயிரை மேய்ந்தது என்றேன். உன் மூச்சு மெதுமெதுவாக அடங்கியது. அன்றிலிருந்து எத்தனை வருடங்கள்! எந்தப் பந்தயத்திலும் நீ பயப்படாமல் நின்றதில்லை. கார்கள் எஞ்சினைக் கிளப்பியதும், "இரிக்கியா?" என்று கேட்பாய். "இரிக்கன்" என்பேன். பிறகு மீன் கதை.

ஊருக்கு வரும் பஸ்ஸில் ஒருநாள் நேராகவே கேட்டேன், இவ்வளவு பயந்துகொண்டு ஏன் போகிறாய் என்று.

"நியூஸ் வாசிக்கக்குள்ள எங்கட தேத்தண்ணிக் கடையில ஒருத்தரும் தலை தூக்கிப் பாக்கல்ல மச்சான். இப்ப உம்மா கூட டயர் மாத்துற கதை கேக்கிறா."

"அதுக்காகச் சாகப் போறியா?"

"ஒவ்வொரு தடவையும் இதான் கடைசி எண்டுதான் போறன்" என்றாய். பிறகு, "உம்மாட்டச் சொல்லிராத. அவக்கு நான் சிரிக்கிறது மட்டும் தெரிஞ்சாப் போதும்" என்றாய்.

அந்தப் பயம்தான் உன்னை நல்ல செய்தியாளனாக்கியது என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது. மோதி நொறுங்கிய காரிலிருந்து இறங்கி வருகிறவனின் வாயில் மற்றவர்கள் மைக்கைத் திணித்தார்கள். நீ மைக்கைக் கீழே பிடித்துக்கொண்டு, "தண்ணி குடிச்சீங்களா?" என்று முதலில் கேட்பாய். ஓட்டுநர்கள் உன்னைத் தேடி வந்து பேசினார்கள்.

நெருப்புப் பிடித்த நாளை நான் யாருக்கும் முழுதாகச் சொன்னதில்லை. நீண்ட பந்தயம் அது. மலைப்பக்கத்துத் தடம். வெயில் கடுமையாக இருந்தது. நீல நிறக் கார் ஒன்று பெற்றோலுக்கு வந்து நின்றது. நீ கொஞ்சம் தள்ளி நின்று சொல்லிக்கொண்டிருந்தாய். குழாய் நழுவிப் பெற்றோல் கொட்டியதை நான் திரையில் கண்டேன். அடுத்த கணம் திரை வெள்ளையாகிப் போனது.

"வெளிய வா! வெளிய வா!" என்று கத்தினேன். நீ பதில் சொல்லவில்லை. இணைப்பு அறுந்துவிட்டிருந்தது. உனக்கு என் குரல் போகவில்லை. உன் குரல் மட்டும் வந்தது, அதுவும் நேரடி ஒளிபரப்பில், நாடு முழுக்கக் கேட்க.

"மச்சான், இரிக்கியா? மச்சான்!"

நான் மேசையில் இருந்த எல்லாப் பொத்தான்களையும் அழுத்திப் பார்த்தேன். உன் குரல் தொடர்ந்தது. "டிரைவர் இன்னும் உள்ளுக்க. பெல்ட் கழரல்ல. அல்லாஹ், பெல்ட் கழரல்ல." பிறகு மைக் தரையில் விழுந்த சத்தம். அதற்குப் பிறகு நெருப்பின் இரைச்சல், ஓடும் கால்கள், யாரோ அழும் குரல். அவற்றுக்கு நடுவே நீ யாருடனோ கதைப்பது தூரத்தில் கேட்டது.

ஹெட்போனைக் கழற்றி எறிந்துவிட்டு ஓடினேன். அந்தச் சின்னத் தூரம் முடியவே இல்லை. உன் உம்மாவிடம் என்ன சொல்வது என்பதைத் தவிர வேறு நினைப்பு இல்லை எனக்கு. புகைக்குள்ளிருந்து ஆட்கள் ஒருவனைத் தூக்கி வந்தார்கள். உன் சட்டை என்று நினைத்தேன். அது ஓட்டுநர். உயிர் இருந்தது. சுவரோரம் நீ உட்கார்ந்திருந்தாய். புருவம் கருகி, உள்ளங்கை தோலுரிந்து, மெக்கானிக் ஒருவரின் கத்தரிக்கோலை இன்னும் விடாமல் பிடித்துக்கொண்டு.

"நீ கதைக்கல்ல" என்றாய் என்னைக் கண்டதும்.

"லைன் போச்சுடா."

"ஓம். அதான் நானே கதைச்சன். ஒலுவில் மீன் எல்லாம் சொல்லிட்டன். கை பெல்ட்ட வெட்டுது, வாய் சூரை மீன் எண்டுது."

சிரிக்கத் தொடங்கி அழுதாய். உன்னைப் பிடித்துக்கொண்டு நானும் அழுதேன்.

கை ஆறும் வரை கண்ணாடி அறையில் உட்கார்ந்து மாலை விளையாட்டு நிகழ்ச்சி நடத்தினாய். இந்தமுறை நாடே பார்த்தது. பெரிய நாற்காலி உனக்கே என்றார்கள். மறுக்கவில்லை, அதையும் செய்தாய். ஆனால் அடுத்த பந்தயப் பருவம் தொடங்கியதும் பிட்டுக்கு வந்து நின்று, "இரிக்கியா?" என்று கேட்டாய்.

உன்னை எடுத்தது நெருப்புமில்லை, சக்கரமுமில்லை. லீவில் ஊருக்கு வந்திருந்தாய். கல்முனைச் சந்தைக்குப் போன முற்பகலில் ஒரு பழக்கடை வாங்குப் பலகையில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டிருக்கிறாய். மாரடைப்பாம்; ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் முடிந்துவிட்டது. நான் கொழும்பில் இருந்தேன்.

அந்தக் கடைக்குப் போய், கடைசியாக என்ன சொன்னான் என்று கடைக்காரரைக் கேட்டேன்.

"ஒண்டும் சொல்லல்ல தம்பி. வேர்த்து ஊத்திச்சு. நான் பதறிட்டன். அவர் என்னப் பாத்துச் சிரிச்சார், வெயில் கூடிப் போச்சு எண்டு."

எந்தச் சிரிப்பு அது, மச்சான்? தொலைக்காட்சிக்குச் சிரிப்பாயே, அதுவா? உனக்குள் கால் தண்ணியாகிப் போயிருந்ததா? எனக்குத் தெரியாது. அந்தத் தெரியாமைதான் என்னைத் தூங்கவிடவில்லை.

நீ நின்ற இடத்துக்கு ஆள் தேடினார்கள். பழகிய முகங்கள் எல்லாம் பின்வாங்கின. வாழ்நாள் முழுக்க வேனுக்குள் ஒளிந்திருந்த நான், போகிறேன் என்று சொல்லிவிட்டேன். ஏன் சொன்னேன் என்று என் மனைவி இன்னும் கேட்கிறாள்.

போன பந்தயத்தில் நின்றேன். திரையில் பார்ப்பது ஒன்றுமே அல்ல என்று அங்கேதான் புரிந்தது. சத்தம் காது வழியாக வருவதில்லை, நிலத்திலிருந்து எலும்புக்குள் ஏறுகிறது. ஒவ்வொரு கார் உள்ளே நுழையும்போதும் சுவரோடு ஒட்டிக்கொண்டேன். என் முறை வந்தது. சிரிக்கப் பார்த்தேன், வரவில்லை. கடைசியில் உள்ளதைச் சொன்னேன்: "எனக்கு இங்கே நிற்கப் பயமாக இருக்கிறது. இங்கே வேலை செய்கிறவர்களுக்கும் இருக்கும். இருந்தாலும் செய்கிறார்கள், பாருங்கள்." பிறகு டயர் மாற்றுகிறவர்களைக் காட்டினேன்.

முடிந்து வெளியே வந்ததும் தொலைபேசி அடித்தது. உன் உம்மா.

"மனே, உன்ட குரல் நடுங்கினது கேட்டிச்சு."

"ஓம் மாமி. பயந்துட்டன்."

"அவன்ட குரலும் அப்புடித்தான் நடுங்கும். சிரிக்கக்குள்ளயும் நடுங்கும். பெத்தவளுக்குக் கேக்காதா? நீங்க ரெண்டு பேரும் எனக்குத் தெரியாதெண்டு நினைச்சிங்க. ஒவ்வொரு தடவையும் டிவிக்கு முன்னால தஸ்பீஹ் மணி உருட்டிட்டுத்தான் இரிந்தன்."

இத்தனை காலமும் நாம் இருவர் தூக்கித் திரிந்ததாக நினைத்ததை அவர் தனியாக ஒரு மூலையில் தூக்கிக்கொண்டு இருந்திருக்கிறார்.

"மாமி, ஏன் அவன்ட்ட ஒருநாளும் சொல்லல்ல?"

"சொன்னா விட்டுருவான் மனே. அவனுக்கு அது விருப்பமான வேலை."

பிறகு கேட்டார்.

"அடுத்ததுக்கும் போவியா?"

"தெரியா மாமி. பயமாத்தான் இரிக்கி."

"ஓம், இரிக்கும்தான். போனா எனக்கு நேரத்தச் சொல்லு. நான் அதுக்கு முதல் தொழுதுட்டு வந்து இரிக்கணும்."

அடுத்த பந்தயம் வருகிறது மச்சான். மாமியிடம் நேரத்தைச் சொல்லிவிட்டேன்.