வாய்விட்டுச் சொன்ன பெயர்கள்

திருவாரூர்
பங்குனி 28

அன்புத் தம்பி கோவிந்தராசுவுக்கு அக்கா செவ்வந்தி எழுதுவது. நான் உயிரோடு இருக்கிறேன். பட்டாளத்தில் அந்தப் பனியிலும் நீ சுகமாக இருக்க வேண்டும். லீவு கேட்டிருப்பதாகவும், வந்து அவன் தலையை எடுத்த பிறகுதான் சோறு தின்பாய் என்றும் எழுதியிருந்தாய். முதலில் இதை முழுக்கப் படி. சோறு அப்புறம் தின்னலாம்.

நம் குடிசை இல்லை. முந்தாநாள் பட்டப்பகலில் கொளுத்திவிட்டார்கள். ஆட்டுக்குட்டிகள் இரண்டும் கட்டின கயிற்றோடு வெந்துபோயின. இப்போது கடைத்தெரு ஜன்னத் பீவி அக்கா வீட்டில் இருக்கிறேன். அவர்கள் அரிசி மண்டிக்கு நெல் அவித்துக் கொடுத்த பழக்கம். "எவன் வந்தாலும் என்னத் தாண்டித்தான் வரணும் புள்ள" என்று வாசலிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார்கள்.

உனக்கு எல்லாம் தெரியாது, சொல்கிறேன். நில உச்சவரம்புச் சட்டம் வந்தபோது நம் ஊர் எம்.எல்.ஏ. தன் நிலத்தை நமக்கே தெரியாமல் நம் தெரு ஆட்கள் பெயரில் எழுதி வைத்திருக்கிறார். சட்டசபையில் அந்தச் சட்டத்துக்கு மேசையைத் தட்டின மகராசனும் அவர்தான். போன ஜமாபந்தியில் கணக்குப்பிள்ளை வாசித்தபோதுதான் உன் மச்சான் பெயரில் ஐந்து ஏக்கர் இருப்பது வெளியே வந்தது. "பேப்பர்ல நம்மளுதுன்னா அறுப்பும் நம்மளுதுதானே" என்று சிரித்தார் உன் மச்சான். தை மாதம் பதினோரு பேர் அறுப்புக்கு இறங்கினோம்.

காலை பத்து மணி இருக்கும். ஜீப் ஒன்று வரப்போரம் வந்து நின்றது. எம்.எல்.ஏ. இறங்கவில்லை. உட்கார்ந்தபடியே கையை நீட்டி "அவன்தான்டா, வெட்டுங்கடா" என்றார். தலையில் இருந்த கதிர்க்கட்டை இறக்கக்கூட உன் மச்சானை விடவில்லை. முதல் வெட்டு தோளில், அடுத்தது கழுத்தில். மேலே விழுந்து மறைத்த என்னை மயிரைப் பிடித்து இழுத்துக் குப்புறத் தள்ளி, ஒருத்தன் முதுகில் ஏறி நின்றுகொண்டான். அறுத்த தாள் முகமெல்லாம் குத்தியது. மிச்ச வெட்டெல்லாம் என் கண்ணெதிரே விழுந்தது. தண்ணீர் என்று ஒரு வார்த்தை கேட்டார். அதற்கும் வாயில் வெட்டினார்கள்.

போலீஸ் வந்து, யார் வெட்டச் சொன்னது என்று கேட்டபோது "பெரியவங்க" என்றேன். எந்தப் பெரியவங்க என்றார்கள். எனக்கு வாய் வரவில்லை. நம் தெருவில் யாராவது அந்தப் பெயரை வாய்விட்டுச் சொல்லி நீ கேட்டிருக்கிறாயா? அப்பா கடைசி மட்டும் சொன்னதில்லை. செத்தவர் பெயரைக் கேட்டார்கள். புருசன் பெயரையும் நான் சொல்லவில்லை, பக்கத்தில் நின்றவர்கள்தான் சொன்னார்கள். "அடையாளம் தெரியாத ஆட்கள்" என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். எட்டாவது படித்த கழுதை, படித்துப் பார்க்காமல் போட்டுக் கொடுத்தேன்.

அப்புறம் பினாமி நிலம் பத்திரிகையில் நாறிப்போய், சட்டசபையிலிருந்து விசாரணைக் குழு கிளம்பி வந்தது. முந்தாநாள் காலையில் இங்கே பயணியர் பங்களாவில் என்னைக் கூப்பிட்டார்கள். எம்.எல்.ஏ.வும் எதிரே கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். அவர் பக்கத்து ஆள் ஒருவர் என் பழைய வாக்குமூலத்தைப் படித்துவிட்டு, "ரெண்டு மாசமா எங்கம்மா போயிருந்துச்சு பேரு?" என்று கேட்டார். இரண்டு பேர் சிரித்தார்கள். குழுத் தலைவர், "பெயரைச் சொன்னாத்தான் பதிய முடியும், பயப்படாம சொல்லுங்க" என்றார். நான் சொல்லமாட்டேன் என்று எம்.எல்.ஏ.வுக்குத் தெரியும் தம்பி. அந்தத் தைரியத்தில் அவரும் லேசாகச் சிரித்தார்.

அந்தச் சிரிப்பில்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "என் புருசன் வைரக்கண்ணு. அவர வெட்டச் சொன்னது துரைராசு. ஜீப்ல உக்காந்துகிட்டே சொன்னான்" என்றேன். அந்த அறைக்கு வெளியே நின்ற சனத்துக்கும் கேட்டது. துரைராசு காலைக் கீழே இறக்கினான். அன்று மத்தியானம்தான் குடிசை எரிந்தது.

சித்திரை இருபத்தைந்தாம் தேதி சென்னைக்கு வரச் சொல்லி உத்தரவு வந்திருக்கிறது. அங்கே இன்னொரு தடவை சொல்ல வேண்டும். கூலிக்காரர்கள் தங்களுக்குள் அடித்துக்கொண்டார்கள் என்று சொல்ல அவன் ஆள் பிடித்துக்கொண்டிருக்கிறான். நம் தெருவில் இரண்டு பேர் ஏற்கெனவே அவன் பக்கம் சாய்ந்துவிட்டார்கள்.

வெட்ட ஆசை உனக்கு மட்டும்தான் என்று நினைக்காதே. அந்த அறையில் அவன் கழுத்தையே பார்த்துக்கொண்டு நின்றவள் நான். அரிவாள் கையில் இருந்திருந்தால் இந்தக் கடிதம் ஜெயிலிலிருந்து வந்திருக்கும். ஆனால் நீ வெட்டினால் அவன் தியாகியாகிவிடுவான், ஊர் ஊராகப் படம் மாட்டுவார்கள். உன் மச்சான் அடிதடியில் செத்தவராகிவிடுவார். அதை நான் தாங்கமாட்டேன். உடுப்போடு வா. வெறுங்கையோடு வா. வந்து என்னைச் சென்னைக்குக் கூட்டிக்கொண்டு போ.

வழியில் எத்தனை ஊர் இருக்கிறது, யார் எங்கே நிற்பார்கள் என்று தெரியாது. நீ வரும்போது நான் இல்லை என்றால் அழுதுகொண்டு நிற்காதே. இந்தக் கடிதத்தை எடுத்துக்கொண்டு நேரே சென்னைக்குப் போ. குழுவுக்கு முன்னால் நின்று சத்தமாகச் சொல். செத்தவர் வைரக்கண்ணு, வெட்டச் சொன்னவன் துரைராசு, பார்த்தவள் என் அக்கா செவ்வந்தி என்று சொல்.

நீ நூறு வயசு இருக்க வேண்டும் தம்பி.

உன் அக்கா
வை. செவ்வந்தி