மாக்னெட்டோவைத் திருடாத என் தம்பிக்கு

என் செல்லத் தம்பி சண்முகத்துக்கு,

அன்றைக்குக் கல்கத்தா கிடர்பூரில் வண்டி நிற்கிற கொட்டகையில் இருந்தவர்கள் ஐந்து பேர். வண்டிக்குச் சொந்தக்காரரான துறைமுகத்துப் பிள்ளை. அவர் மனைவி விசாலம். ஹவுரா பட்டறையில் உன்னோடு வேலை பார்த்த ஹரேன் பாபு. உன் அத்தான். நான். அவ்வளவு நேரமும் பேச்சு உன்னைப் பற்றியே இருந்ததால் உன்னையும் சேர்த்து எழுதலாமா என்று நினைத்தேன். வேண்டாம். கண்ணால் பார்த்தவர்களை மட்டும் எழுதுகிறேன். நாளைக்கு ஒருத்தர் எழுந்து, சிவகாமி கதை கட்டுகிறாள் என்று சொல்லிவிடக் கூடாது பார்.

நீ போனபின் இங்கே நடந்ததை உனக்குச் சொல்ல வேண்டும். நீ பழுது பார்த்து வந்த பிள்ளையின் சிவப்புப் பந்தய மோட்டார் வண்டி ஞாபகம் இருக்கிறதா? இருக்காமல் என்ன. இரண்டு பேர் உட்கார இடம், மிச்சமெல்லாம் எஞ்சின் என்று சிரிப்பாயே, அதுதான். அதற்கு ஒரு சீக்கு வந்தது. நிற்கும்போது தையல் மெஷின் மாதிரி சீராக ஓடும். மெதுவாகப் போனாலும் ஒன்றுமில்லை. ரெட் ரோட்டில் மிதியை முழுக்க அழுத்தி வேகம் எடுக்கப் போனால் மட்டும் விக்கும். விக்கி விக்கி இழுக்கும், பின்குழாயில் பட்டாசு வெடிக்கும். அதற்குள் பக்கத்தில் வந்த வெள்ளைக்காரர் வண்டி புழுதியைக் கிளப்பிக்கொண்டு போய்விடும். பிள்ளைக்கு அதுதான் பொறுக்கவில்லை.

பொறுக்காதவர் என்ன செய்தார் தெரியுமா? பவானிபூரில் நம் தமிழ்க் குடும்பங்கள் கூடுகிற வெள்ளிக்கிழமைப் பூசையில், தீபாராதனை முடிந்து பிரசாதம் கொடுக்கிற நேரத்தில், எல்லார் காதிலும் விழும்படி சொன்னார். சண்முகம் சீமை மாக்னெட்டோவைக் கழற்றி விற்றுவிட்டு ஏதோ பழசை மாட்டிவிட்டுப் போனானாம். மாக்னெட்டோ என்றால் எஞ்சினுக்குப் பொறி கொடுக்கிற பெட்டி. உனக்குத் தெரியும், படிக்கிற மற்றவர்களுக்காக எழுதுகிறேன். உன் பெண்டாட்டி மீனாட்சி அப்போது சுண்டல் தட்டை ஏந்திக்கொண்டு நின்றாள். தட்டைக் கீழே வைத்தாள், செருப்பை மாட்டினாள், வீட்டுக்கு நடந்தாள். அதற்குப் பிறகு அவள் பூசைக்கு வருவதில்லை. நீ போன துக்கத்தைக்கூட எல்லாரோடும் உட்கார்ந்து அழுதவள், இப்போது வாசலில் யாராவது கூப்பிட்டால் உள்ளறைக்குப் போய்விடுகிறாள்.

செத்தவனுக்கு வாய் கிடையாது என்றுதானே அவ்வளவு தைரியம்?

எஞ்சினை என் கண் முன்னால் திறந்து காட்டச் சொல்லுங்கள் என்று உன் அத்தானிடம் சொன்னேன். பிள்ளை பெரிய மனிதர், அவர் கணக்கு தன்னுடைய பேங்கில் இருக்கிறது, போகட்டும் விடு என்றார். உங்கள் பேங்கில் ஒரு தொகை இடிக்கிறது என்றால் போகட்டும் என்று விட்டுவிட்டு வீட்டுக்கு வருவீர்களா என்று கேட்டேன். கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டார். நல்ல மனிதர்தான், கொஞ்சம் தள்ளிவிட வேண்டும்.

ஹரேன் பாபு ஹவுராவிலிருந்து படகில் வந்தார். என்னைப் பார்த்ததும் "தீதி" என்று வங்காளத்தில் அக்கா முறை சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். பிள்ளை எங்களுக்கு நாற்காலி போடச் சொன்னார். போட்டுவிட்டுச் சிரித்துக்கொண்டே சொன்னார்: "உங்க தம்பி கைராசிக்காரன் அம்மா. போகும்போது எஞ்சினோட உயிரையும் கூட்டிட்டுப் போயிட்டான்." சிரிப்பதற்கு அங்கே யாரும் இல்லை. விசாலம் முந்தானை நுனியை முறுக்கிக்கொண்டிருந்தாள்.

ஹரேன் பாபு முதலில் பெட்ரோல் வருகிற வழியைப் பார்த்தார். வடிகட்டியைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தார், சுத்தமாக இருந்தது. அதையெல்லாம் விட்டுவிட்டு மாக்னெட்டோவைப் பாருங்கள் என்று பிள்ளை இந்தியில் அவசரப்படுத்தினார். ஹரேன் பாபு முன்பக்கக் கைப்பிடியை ஒரு சுற்றுச் சுற்றினார். எஞ்சின் உடனே பிடித்துக்கொண்டது. மாக்னெட்டோ வலுவிழந்திருந்தால் இப்படிக் கிளம்பாது, கைவலிக்கச் சுற்ற வைக்கும் என்றார். பிறகு குனிந்து பார்த்துவிட்டு, இது நானும் சண்முகமும் சேர்ந்து பொருத்தியதேதான், தாங்குகிற இரும்பில் இருப்பது என் அரத்தின் தடம் என்று தொட்டுக் காட்டினார். உன் அத்தான் என் பக்கம் திரும்பிப் பார்த்தார். நான் பிள்ளையைப் பார்த்தேன். பிள்ளை கொட்டகைக் கூரையைப் பார்த்தார்.

அப்படியானால் விக்கல் எங்கே இருந்து வருகிறது? ஹரேன் பாபு கொட்டகைக் கதவுகளைச் சாத்தச் சொன்னார். சக்கரங்களுக்கு முன்னால் மரக்கட்டைகளை முட்டுக் கொடுத்தார். எங்களை எஞ்சின் பக்கம் நின்று பார்க்கச் சொல்லிவிட்டு வண்டியில் ஏறினார். பிரேக்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டே மிதியை அழுத்தி, வண்டியை முன்னால் முட்டவிட்டார். கொட்டகை அதிர்ந்தது. புகையில் எனக்கு இருமல் வந்தது. அந்த இருட்டில் பார்த்தேன் சண்முகம், பொறி தெறிக்கிற நான்கு பிளக்குகளில் இரண்டின் வெள்ளைப் பீங்கான்மேல் நீலமாக ஒரு வெளிச்சம் ஊர்ந்து ஊர்ந்து கீழே இரும்புக்கு இறங்கியது. அது இறங்குகிற ஒவ்வொரு தடவையும் எஞ்சின் விக்கியது.

கதவைத் திறந்து பார்த்தால், நான்கு பீங்கானிலும் சந்தனக் கீற்று, மேலே குங்குமம். ஆயுத பூசைக்கு வைத்தது. இரண்டில் கனமாக வழிந்து, வெந்து, கறுத்துப்போய் இரும்புவரை இறங்கியிருந்தது. மெதுவாகப் போகும்போது பொறி உள்ளேயே குதித்துவிடுமாம். மிதியை அழுத்தினால் சிலிண்டருக்குள் நெருக்கம் அதிகம், தாண்டுவது கஷ்டம், வெளியே சுலபமாக ஒரு பாதை கிடைத்தால் அதில் ஓடிவிடுமாம். எனக்கு அது உடனே புரிந்தது. குங்குமம் நான் வீட்டில் செய்கிறவள். மஞ்சள், எலுமிச்சம்பழச் சாறு, படிகாரம், வெங்காரம் எல்லாம் சேர்ந்தது. கல்கத்தா ஈரத்தில் டப்பாவுக்குள் இருக்கும்போதே நசநசக்கும், ஈரம் இருந்தால் மின்சாரத்துக்கு வழி கிடைத்துவிடும். ஆற்றங்கரைக் கொட்டகையில் கேட்க வேண்டுமா?

விசாலம் என் காதருகில் வந்து, "அக்கா, நான்தான் வச்சேன்" என்றாள். சாமிக்கு வைத்தாய், அதில் உன் தப்பு ஒன்றும் இல்லை என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். மனதாரத்தான் சொன்னேன். நம் வீடுகளில் அரிவாள்மணை, தராசு, பேனா எல்லாவற்றுக்கும்தானே வைக்கிறோம்? வருஷா வருஷம் வண்டிக்கும்தான் வைத்தார்கள். மறுநாள் காலையில் நீ கும்பிட்டுவிட்டு, பெட்ரோல் துணியால் பீங்கானை மட்டும் பதமாகத் துடைத்துவிடுவாய். வைத்ததைத் துடைக்கலாமா என்று அவர்கள் வீட்டில் கேட்டால், சாமி ராத்திரியே வாங்கிக்கொண்டார் என்பாயாம். இந்த வருஷம் துடைக்க ஆள் இல்லை. மற்றவர்கள் அபசகுனம் என்று தொடவில்லை.

ஹரேன் பாபு துடைத்தார். கதவைச் சாத்தி மறுபடி முட்டவிட்டார். நீல வெளிச்சம் இல்லை, விக்கல் இல்லை. இத்தோடு பிள்ளை ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் கும்பிட்டுவிட்டு வந்திருப்பேன். அவர் சொன்னதைக் கேள்: "அப்படின்னாலும் குத்தம் அவன் மேலதானே? வருஷா வருஷம் துடைச்சவன் இந்த வருஷம் ஏன் துடைக்கலை?"

நான் எழுந்து நின்றேன். "அவன் செத்துக்கிட்டிருந்தான்" என்றேன்.

ஜுரத்தில் என் மடியில் தலை வைத்துக்கொண்டு நீ வாய் பிதற்றிக்கொண்டிருந்தது அந்த ஆயுத பூசை நாட்களில்தான். பிள்ளைக்கு அது தெரியாதா? ஆள் விட்டு விசாரித்தவர்தானே.

வண்டி இப்போது நன்றாக ஓடுகிறது. ரசா ரோட்டில் அது உறுமிக்கொண்டு போகும்போது நம் ஜன்னல் கண்ணாடி அதிரும். மீனாட்சி கையில் இருக்கிற வேலையை நிறுத்திவிடுவாள். அடுத்த வெள்ளிக்கிழமை பிள்ளை பூசைக்கு வந்தார். முருகனுக்கு அபிஷேகம் செய்தேன், வண்டி சரியாகிவிட்டது என்று எல்லாருக்கும் விபூதி கொடுத்தார். மாக்னெட்டோவைப் பற்றி மூச்சு விடவில்லை. தினம் குளித்து அந்த முருகனுக்கு விளக்கேற்றுகிறவள் நான். தன் வாயால் போட்ட பழியை மூடி மறைக்க அவனையா இழுப்பது? நீ இருக்கிற இடத்தில் அவனைப் பார்க்க முடிகிறதா? பார்த்தால் கேள், அவனுக்கு இது சம்மதமா என்று.

நான் பள்ளிக்கூடம் போனவள் இல்லை. உன் பாடப் புத்தகத்தை எட்டிப் பார்த்துப் பழகிய எழுத்துதான். வீட்டுக் கணக்கு எழுதும்போது தப்பு வந்தால் சுரண்ட மாட்டேன், மேலே மை கொட்ட மாட்டேன். தெரிகிற மாதிரி அடித்துவிட்டு, பக்கத்தில் சரியானதை எழுதுவேன். அடித்தது எல்லாருக்கும் தெரிய வேண்டும். பிள்ளையிடமும் அவ்வளவுதான் கேட்கிறேன்.

இதை விசாலமும் மற்றப் பெண்களும் வாங்குகிற மாதப் பத்திரிகைக்கு அனுப்புகிறேன். உன் அத்தான் படித்துப் பார்த்தார். பேங்கில் என்ன சொல்வார்களோ என்று கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, ஓர் எழுத்துப்பிழையைத் திருத்திக் கொடுத்தார்.

சண்முகம், உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். மீனாட்சி அந்தப் பூசைக் கூடத்துக்குள் என்னோடு நடந்து வந்து முன்வரிசையில் உட்காருகிறவரை நான் ஓயமாட்டேன்.

பிள்ளை அவர்களே, நீங்களும் இதைப் படிப்பீர்கள். என் தம்பி திருடவில்லை என்று, சொன்ன இடத்திலேயே, கேட்ட ஆட்கள் முன்னாலேயே சொல்வீர்களா, மாட்டீர்களா? சீக்கிரம் பதில் எழுதுங்கள்.

உன்னைத் தூக்கி வளர்த்த அக்கா,
சிவகாமி