குதிகாலில் நின்று பாருங்கள்

ராஜபாளையம்
6.3.1994

என் கிருபாவுக்கு,

கடலுக்கு அந்தப் பக்கம் உன்னையும் இந்தப் பக்கம் என்னையும் கர்த்தர் காக்கிறார். நீ மஸ்கட் ஆஸ்பத்திரியில் ஊரார் கால்களுக்கெல்லாம் பயிற்சி கொடுக்கிறாய். இங்கே உன் புருஷன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு தறி ஓட்டுகிறான். வையாதே, வைத்தியம் பார்க்கிறேன். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆவுடையப்பன் அண்ணாச்சி என்று ஒருவர், பம்பாயில் கற்றுவந்தவர். ஊசி, மருந்து கிடையாது. ஒரு கையை நீட்டச் சொல்லி அமுக்குவார், உடம்புக்கு ஆகாத பொருளை மறு கையில் வைத்தால் அது விழுந்துவிடுமாம். மறு கையில் சீனியை வைத்ததும் நீட்டிய கை தொப்பென்று விழுந்துவிட்டது! "தம்பி, ஒமக்குச் சீனிதான் ஆகல" என்றார். உன் போட்டோவை வைத்தால் கை அசையவே இல்லை.

வலி குறைந்திருக்கிறது. இடது செருப்புதான் நடக்கையில் தானாகக் கழன்றுவிடுகிறது, வார் மாற்றவேண்டும். போன மாதம் நீ போட்டது ஒரே கடிதம்.

உன்
பொன்னுராஜ்

மஸ்கட்
16.3.1994

அன்புள்ள அத்தான்,

போட்டோவுக்குக் கை நின்றதைப் படித்துச் சிரித்தேன். செருப்பு விஷயத்தைப் படித்ததும் பகீரென்றது. வாரில் குற்றமில்லை. குதிகாலை ஊன்றி, முன்பாதங்களைத் தூக்கி நின்று பாருங்கள். இடது பாதம் எழும்பாவிட்டால், இடுப்பில் நரம்பு நசுங்குகிறது. வலி குறைவதை நம்பாதீர்கள். நரம்பு செத்துக்கொண்டிருந்தாலும் வலி குறையும். உடனே மதுரைக்குப் போங்கள்.

அண்ணாச்சி பொய்க்காரர் என்று சொல்லவில்லை. சீனி என்று தெரிந்தால் அவர் கொஞ்சம் கூடுதலாக அழுத்துவார், நீங்கள் கொஞ்சம் விடுவீர்கள். இரண்டு பேருக்குமே அது தெரியாது. சந்தேகமென்றால் சீனியையும் மணலையும் வேறு யாரையாவது பொட்டலம் கட்டித் தரச் சொல்லுங்கள். எது எதுவென்று தெரியாமல் சோதியுங்கள்.

ஏன் அத்தான், என்னிடம் முதலில் சொல்லவில்லை?

உங்கள்
கிருபா

மதுரை
12.4.1994

என் கிருபா,

பயப்படாதே, ஆபரேஷன் முடிந்துவிட்டது. படுத்தபடி எழுதுகிறேன், அதுதான் எழுத்து இப்படி.

உன் கடிதம் வந்த அன்றே குதிகாலில் நின்றேன். வலது பாதம் எழுந்தது. இடது, சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. அப்போதும் அண்ணாச்சியிடம்தான் போனேன், திட்டிக்கொள். கூட வேலை பார்க்கும் தங்கச்சாமி பொட்டலம் கட்டித் தந்தான். சீனிக்குக் கை நின்றது, மணலுக்கு விழுந்தது! அண்ணாச்சி இரண்டு பொட்டலத்தையும் மறுபடி பிரித்துப் பார்த்தார். பிறகு, "இந்தக் கை என்னையும்லா ஏமாத்திருக்கு தம்பி. ஒம்ம வீட்டுல அவிய சொல்றதக் கேளும். வாரும், நானும் வாரேன்" என்று மதுரை பஸ்ஸில் கூடவே ஏறினார்.

நேற்று கால் கட்டைவிரல் லேசாக அசைந்தது. பாதம் முழுசாகத் திரும்புமா என்று டாக்டர் சொல்லவில்லை.

ஏன் சொல்லவில்லை என்று கேட்டாய். சொன்னால் ஓடிவந்துவிடுவாய். இன்னொன்றும் உண்டு. அண்ணாச்சி என் கையைப் பிடித்துக்கொண்டு, எங்கே வலிக்கிறது, தூக்கம் வருகிறதா, என்ன சாப்பிட்டீர் என்று நிதானமாகக் கேட்டார். நீ போன பிறகு என்னை யாரும் தொட்டு விசாரித்ததில்லை கிருபா.

உன்
பொன்னுராஜ்

மஸ்கட்
23.4.1994

அத்தான்,

உங்கள் கடைசி வரியை டியூட்டியில் படித்தேன். அதற்குப் பிறகு எந்த நோயாளியின் காலையும் என்னால் பிடிக்க முடியவில்லை. ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டேன். கோபித்துக்கொண்டார்கள், கோபிக்கட்டும்.

பாதம் தொங்காமலிருக்க ஒரு பட்டை வாங்கியிருக்கிறேன். பயிற்சியை நான்தான் கொடுப்பேன், அழுதாலும் விடமாட்டேன். பாதம் முழுசாக எழும்பாமலும் போகலாம். போனால் போகிறது, பட்டையோடு மலையடிவாரத்துச் செண்பகத்தோப்பு வரை இரண்டு பேரும் நடப்போம்.

மே எட்டாம் தேதி காலை ராஜபாளையம் ஸ்டேஷனில் இறங்குகிறேன். இந்த நிலையில் நீங்கள் அலையக்கூடாது, வீட்டிலேயே இருங்கள் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன்.

வாருங்கள் அத்தான். தங்கச்சாமி தோளைப் பிடித்துக்கொண்டு மெதுவாக வாருங்கள்.

உங்கள்
கிருபா