142857

அத்தான்,

என் கடையில் வடை மடித்துக் கொடுக்க அக்கா பழைய தாள்களைக் கட்டி அனுப்பியிருந்தாள். இரண்டு தாளைக் கிழித்த பிறகுதான் பார்த்தேன், அது உங்கள் நோட்டு. நீங்கள் போட்ட பெருக்கல் கணக்கு எண்ணெய் குடித்துக்கொண்டு குடவாசல் பஸ்ஸில் போய்விட்டது. கோபிக்காதீர்கள். நீங்கள் இருந்தபோதும் அதற்கு இவ்வளவுதான் மரியாதை.

ஊர் வயல்களுக்குத் தண்ணீர் கட்டுவது உங்கள் வேலை. முறைப்படி மடையைத் திறந்துவிட்டு, வயல் நிறையும்வரை வரப்புச் சேற்றில் குச்சியால் கணக்குப் போடுவீர்கள். அப்படித்தான் 142857 என்ற அந்த எண் சிக்கியது. நான் நடவுக்குப் போயிருந்த வயலுக்கே ஓடி வந்தீர்கள்.

“ரெண்டால பெருக்கினா 285714. மூணால பெருக்கினா 428571. அதே ஆறு பேருதான் புள்ள! வரிசையும் மாறல. நம்ம முறைத் தண்ணி மாதிரி, யாரு முதல்ல திறக்கிறாங்கங்கிறதுதான் மாறுது. ஆறு வரைக்கும் இப்படியே. ஏழால பெருக்கினா மொத்தமும் ஒம்பது!”

“ஒங்க மூஞ்சிய ஏழால பெருக்கினா என்ன வரும் அத்தான்?”

குனிந்திருந்த பெண்கள் சிரித்த சிரிப்பில் நாற்று கோணலாகப் போனது.

கொழுந்தியாளுக்குக் கேலி செய்ய உரிமை உண்டு. அதோடு விட்டேனா? காலேஜ் சார் ஒருவர் உங்கள் நம்பரைப் பார்க்க நாளைக்கு வருகிறார், குடவாசல் பஸ் ஸ்டாண்டில் நிற்கச் சொன்னார் என்று புளுகினேன். கல்யாணச் சட்டையை மாட்டிக்கொண்டு போனீர்கள். வயிற்றில் பொத்தான் சேரவில்லை. சாப்பிடப் போன நேரம் பார்த்து சார் வந்துவிட்டால் என்று சாயங்காலம்வரை பட்டினி. நானும் நடவுக்கு வரும் பெண்கள் இரண்டு பேரும் எதிர்க் கடையில் டீ குடித்துக்கொண்டு வேடிக்கை பார்த்தோம்.

“சாருக்கு ஏதாச்சும் வேல வந்திருக்கும் பாவம். ஒரு போன் போட்டுக் கேளு புள்ள” என்றீர்கள் திரும்பி வந்து.

“வந்தாரு அத்தான். தூரத்துலேர்ந்து பாத்துட்டு, ‘இந்த ஆளா?’ன்னு அடுத்த பஸ்ஸுல ஏறிட்டாரு.”

அதையும் நம்பினீர்கள். அதன்பிறகு யாரிடமும் ஓர் எண்ணைப் பற்றி வாய் திறக்கவில்லை. மடைப் பக்கம் வெறும் கையோடு உட்கார்ந்திருப்பீர்கள். பார்க்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்புத்தான்.

கடைசியில் நீங்கள் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, அக்கா இட்லி வாங்கப் போன நேரம் பார்த்து மெதுவாகக் கேட்டீர்கள்.

“அந்த சார்கிட்ட நம்பரையாவது சொன்னியா புள்ள? என்ன சொன்னாரு?”

பழக்கதோஷம். சிரித்துக்கொண்டே சொன்னேன். “இதெல்லாம் ஒரு நம்பரான்னாரு அத்தான்.”

தலையாட்டினீர்கள். “படிச்சவரு. சரியாத்தான் இருக்கும்.”

மறுநாள் நீங்கள் இல்லை.

ஊரையே பொய் சொல்லிச் சிரிக்க வைத்தவள் நான். ‘அசந்து போயிட்டாரு அத்தான்’ என்று ஒரு பொய் சொல்ல அன்றைக்கு வாய் வரவில்லை. இப்போது எந்நேரமும் அது நாக்கு நுனியில் நிற்கிறது. கேட்கத்தான் ஆளில்லை.